மதாம்மாவின் வகுப்பில் மொழிபெயர்ப்பு இல்லை

ஒருத்தி மேடையில் நின்று, சபையார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்ன ஒன்றை ரகசியம் என்று சொல்ல முடியுமா? சில வருடங்களாக என்னையே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் முடியும் என்று தோன்றுகிறது. மறுநாள் முடியாது என்று தோன்றுகிறது.

சென்ற மாதம் என்னிடம் ஜெர்மன் படித்த இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். நெய்யாற்றின்கரையில் சொந்தமாக வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். "டீச்சருக்க அனுபவத்த ஒண்ணு எழுதித் தரணும். எங்களுக்கு ஒபகாரமா இருக்கும்" என்றார்கள். பேச்சுவாக்கில், புதிய பாடத்திட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு என்று தனித் தாள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் போன பிறகும் அது என் மனதில் நின்றது. நான் வேலை பார்த்த நிலையத்தில் மொழிபெயர்ப்புக்கு இடமே கிடையாது.

அனுபவம் எழுதும் அளவுக்கு நான் மூத்தவள் அல்ல. முப்பத்திரண்டு வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. ஆனால் நிலையம் மூடிவிட்டது, எங்கள் தலைமை ஆசிரியை தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார், என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இனி இந்த வேலைக்குப் போவேன் என்று தோன்றவில்லை. அதனால் முடிந்துபோன வேலையாக நினைத்தே எழுதுகிறேன்.

தனுவச்சபுரம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தேன். பிறகு இரண்டு வருடம் தினமும் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய் ஜெர்மன் படித்தேன். ஏன் ஜெர்மன் என்று கேட்டால், அந்த வகுப்பில்தான் இடம் இருந்தது. தேர்வில் தேறியதும், பாறசாலையில் ஒரு வெளிநாட்டு அம்மையார் மொழி நிலையம் நடத்துவதாகவும் உதவி ஆசிரியை தேவை என்றும் கேள்விப்பட்டுப் போனேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அந்த அம்மையாரின் பெயர் ஹில்டே. எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவர் மதாம்மாதான், வெள்ளைக்காரப் பெண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஜெர்மனியில் அவர் ஊர் மருத்துவமனையில் முன்பு எங்கள் பக்கத்து நர்சுகள் சிலர் வேலை பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தில் பாறசாலைக்கு வந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கள் மொழி வெளிநாடுகளில் ஒலிக்க வேண்டும் என்று விரும்பிய ஒரு சிறு சங்கம் அவருக்கு உதவி அனுப்பியது. பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். காஞ்சிரங்குளம், பூவார் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் ஜெர்மனிக்கு நர்சிங் பயிற்சிக்குப் போக இருந்த பெண்கள். பூவாரில் படகு ஓட்டும் வாலிபர்கள் சிலரும் உண்டு, சுற்றுலா வருபவர்களோடு பேச வேண்டுமே.

மதாம்மாவின் முறை ஒன்றே ஒன்று: வகுப்புக்குள் ஜெர்மன் தவிர வேறு மொழி வரக் கூடாது. ஒரு சொல்லுக்கும் தமிழிலோ மலையாளத்திலோ பொருள் சொல்லக் கூடாது. ஆங்கிலம் கூடவே கூடாது. முதல் நாள் கையில் குடையோடு வருவார். குடையை உயர்த்தி அதன் பெயரைச் சொல்வார். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல்வார். மூன்றாம் முறை சொல்லும்போது வகுப்பும் சேர்ந்து சொல்லும். அதன்பிறகுதான் பலகையில் எழுதுவார். யாராவது பக்கத்தில் இருப்பவரிடம் "கொட" என்று முணுமுணுத்தால் திட்ட மாட்டார். மெதுவாக எழுந்து போய் சன்னலைத் திறப்பார். அந்த வார்த்தை வெளியே போக வழிவிடுவது போலக் கையால் காட்டுவார். பிறகு சன்னலை மூடிவிட்டுப் பாடத்தைத் தொடர்வார். இரண்டாவது வாரத்துக்குள் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்வது எளிது. நாளை, நேற்று என்பதையெல்லாம் எப்படிக் காட்டுவது? ஒருமுறை பழுக்காத ஏத்தன் வாழைக்குலை ஒன்றை வாங்கி வந்து வகுப்பில் கட்டித் தொங்கவிட்டார். தினமும் தொட்டுப் பார்த்து "இன்று இல்லை" என்பார். உதட்டைப் பிதுக்கி "நாளை?" என்று கேட்பார். ஒரு நாள் காய் மஞ்சளானது. எல்லாருக்கும் ஆளுக்கொன்று பிய்த்துக் கொடுத்து "இன்று!" என்றார். மறுநாள் வெறும் காம்பைக் காட்டி "நேற்று" என்று சோகமாகச் சொன்னார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பினு என்ற தனுவச்சபுரத்துப் பையன் என்னிடம், "மூணு வார்த்த படிக்க ஒரு கொல வேணும்ணா, டிக்ஷனரி முழுசும் படிக்க எத்தற தோட்டம் வேணும் டீச்சரே?" என்றான்.

நானும் ஒருமுறை விதியை மீறினேன். பொறாமை என்பதற்கான சொல். மதாம்மா அன்று இல்லை. நடித்துக் காட்டினேன், படம் வரைந்தேன், ஒருவருக்கும் பிடிபடவில்லை. பொறுமை இழந்து தமிழில் சொல்லிவிட்டேன். மறுநாள் அது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பு முடியும்வரை காத்திருந்து, நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். "நீங்கள் அவர்களுக்கு ஒரு சொல்லைக் கொடுத்ததாக நினைக்கிறீர்கள். அவர்களிடமிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டீர்கள். இனி அவர்கள் அதைத் தேட மாட்டார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியின் வீட்டாரிடம் டாக்டர் பேசுவது போலச் சொன்னார். அதன்பிறகு நான் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

வகுப்புச் சுவரில் அவர் நாட்டு வரைபடம் மாட்டியிருக்கும். பழைய வரைபடம். நாடு இரண்டாக இருந்த காலத்தில் அச்சிட்டது. நடுவில் இருந்த எல்லைக்கோட்டை வெள்ளை மையால் அவரே அழித்திருந்தார். அழித்த இடம் தழும்பு போலத் தெரியும். அதைத் தடவிக்கொண்டே, ஓரளவு ஜெர்மன் புரியத் தொடங்கிய ஒவ்வொரு குழுவிடமும் சொல்வார்: "நாற்பது வருடம் இங்கே இரண்டு அரசாங்கம், இரண்டு கொடி, இரண்டு பணம். ஆனால் இரண்டு பக்கமும் தாய்மார்கள் பிள்ளைகளை ஒரே மொழியில்தான் தூங்கவைத்தார்கள். அதனால் எங்களை நிரந்தரமாகப் பிரிக்க முடியவில்லை. ஒரு நாடு என்றால் அதன் மொழிதான்." பிறகு எங்கள் கேரள, தமிழ்நாட்டு எல்லையைப் பற்றி ஜெர்மனில் சொல்லச் சொல்வார்.

பினு எழுந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் சொற்களை அடுக்கிச் சொன்னான்: "எங்கள் கோடு களியக்காவிளையில் இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு மொழி. அந்தப் பக்கமும் அதே இரண்டு மொழி. மீன்காரி இரண்டிலும் சண்டை போடுவாள். ஆனால் நாடு ஒன்றுதான்."

மதாம்மா அவன் பக்கம் திரும்பினார். "அப்படியானால் உங்களைச் சேர்த்து வைத்திருப்பது எது?" என்று கேட்டார்.

பினு யோசித்தான். "பஸ்" என்றான்.

வகுப்பே சிரித்தது. மதாம்மாவும் சிரித்தார். ஆனால் அன்று மாலை என்னிடம் வந்து, "அவன் சொன்னது விளையாட்டா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

இரண்டு மொழியும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில் ஒரு சங்கடம் உண்டு. வேறு ஊர்களில் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் பேச வேண்டுமென்றால் மொழியை மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. தமிழில் ஏசினாலும் புரியும், மலையாளத்தில் ஏசினாலும் புரியும். அதனால் எங்கள் மாணவிகள் ஜெர்மன் கொஞ்சம் பேச வந்ததும் முதலில் செய்தது, பஸ்ஸில் கண்டக்டரின் மீசையைப் பற்றிச் சத்தமாகப் பேசிச் சிரித்ததுதான். "மக்களே, தமிழில பறஞ்சா எனக்குத் தெரியும், மலையாளத்தில பறஞ்சாலும் தெரியும். இது என்னவாக்கும் ஒரு காக்கா பாஷ? என்னையத்தானே பறயுதியோ?" என்று அவர் ஒருநாள் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். மதாம்மாவிடம் சொன்னேன். மகிழ்ந்துபோனார். "மொழி வகுப்பை விட்டு வெளியே போய்விட்டது" என்றார்.

இனி லில்லி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லில்லிபாய் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கணவர் லாரி ஓட்டினார், விபத்தில் இறந்துவிட்டார். மூத்தவள் ஷீபா, அடுத்து ஒரு பையன். பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். சபைதான் ஷீபாவைப் படிக்க வைத்தது. நான் வேலைக்குப் போகும்போது என் மகள் மீனுவை லில்லி அக்காவிடம்தான் விட்டுப் போவேன். மீனு முதலில் பேசிய பேச்சு அவர் பேச்சுதான். என்னை "அம்மா" என்றும் அவரை "லில்லியம்மே" என்றும் கூப்பிடுவாள். பிள்ளையைப் பிறரிடம் விட்டுவிட்டுப் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறோமே, இது சரியா என்று ஒவ்வொரு நாளும் படியிறங்கும்போது தோன்றும். லில்லி அக்கா, "போயிட்டு வா மக்கா. எனக்க மோள நீ பாரு, ஒனக்க மோள நான் பாக்கேன்" என்பார். ஏனென்றால் ஷீபா அந்த வருடம் என் வகுப்பில் இருந்தாள்.

நான் பாடம் நடத்தியவர்களில் ஷீபாவைப் போல இன்னொருத்தியைப் பார்த்ததில்லை. அதிகம் பேச மாட்டாள். பேசினால் பிழை இருக்காது. அவளுக்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் மூன்று வருட நர்சிங் பயிற்சி கிடைத்திருந்தது. பயணச் செலவைச் சபை ஏற்றுக்கொண்டது. படித்து முடித்ததும் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொள்வாள் என்பது லில்லி அக்காவின் கணக்கு, சபையின் கணக்கும் அதுதான்.

ஒவ்வொரு குழுவுக்கும் கடைசியில் ஒரு விழா நடத்துவோம். பெற்றோர்கள் வருவார்கள். ஒவ்வொரு மாணவரும் மேடைக்கு வந்து "எனது ஊர்" என்ற தலைப்பில் சில நிமிடம் பேச வேண்டும். அதுதான் இறுதித் தேர்வும். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டு அப்படியே ஒப்பிக்கக் கூடாது என்பதால் மற்ற மாணவர்களெல்லாம் பின்பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விழாவிலும் மொழிபெயர்ப்பு கிடையாது. பெற்றோர்கள் புரியாமலே கேட்டுவிட்டுக் கைதட்டுவார்கள். "அவர்கள் தங்கள் பிள்ளையின் குரலைக் கேட்கட்டும். பொருளைச் சொன்னால் குரலைக் கேட்க மாட்டார்கள்" என்பது மதாம்மாவின் கருத்து.

அந்த வருட விழா சபை மண்டபத்தில் நடந்தது. மதாம்மாவும் நானும் ஓரத்தில் மேசை போட்டு மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தோம். லில்லி அக்கா முன்வரிசையில் மீனுவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஷீபா வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, தொண்டையைச் செருமவில்லை. சாதாரணமாகப் பேசினாள்.

அவள் பேசியதை இங்கே முதல்முறையாகத் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் ஊர் அழகானது. ரப்பர் உண்டு, மரச்சீனிக் கிழங்கு உண்டு, பெரிய குளம் உண்டு. எங்கள் ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். நான் போட்டிருக்கும் இந்தச் சுரிதார் முன்பு யாருடையது என்றும் தெரியும். அவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உதவியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதனால் அவர்கள் வழியில் என்னை நிறுத்தி, என்ன மார்க் வாங்கினாய், யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய் என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வேன். சிறுவயது முதல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் திரும்பி வருவேன் என்று அம்மா நம்புகிறாள். நான் வர மாட்டேன். தம்பி படித்து முடிக்கும்வரை பணம் அனுப்புவேன். அம்மாவை நினைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என்னை யாருக்கும் தெரியாத ஊரில்தான் இருப்பேன். இதைத் தமிழில் சொன்னால் அம்மாவுக்குப் புரியும். மலையாளத்தில் சொன்னாலும் புரியும். இந்த நிலையம் எனக்கு மூன்றாவதாக ஒரு மொழி கொடுத்தது. நன்றி."

தலை குனிந்து வணங்கினாள். மண்டபம் கைதட்டியது. லில்லி அக்கா மீனுவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டவைத்தார்.

அப்போது சபைச் செயலாளர் எழுந்தார். "நல்லா பேசினா. வெள்ளைக்காரி தோத்தா. ஆனா ஞங்களுக்கு ஒண்ணும் வெளங்கல்ல. டீச்சரே, ஒற்ற வரியில என்னண்ணு பறயணும்" என்றார். பின்வரிசையில் இருந்தவர்களும், "பறயணும், பறயணும்" என்றார்கள். லில்லி அக்கா என்னைப் பார்த்து, "எனக்க மோளு என்னவாக்கும் பறஞ்சா? கொள்ளாமோ, நல்லா இருந்துதோ?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் எழுந்து நின்றேன். ஷீபா என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்யாக ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசினாள் என்றால் முடிந்தது. உண்மையைச் சொல்லலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. வாயில் வந்தது வேறு. "இங்க மொழிபெயர்க்கிற வழக்கம் இல்லை. எல்லா வருஷமும் அப்படித்தான்" என்றேன். மதாம்மா தலையாட்டினார். செயலாளர், "ஓ, அது சட்டமாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அடுத்த மாணவனைக் கூப்பிட்டோம்.

எல்லாரும் ஏத்தங்காய் அப்பம் தின்று சாயா குடித்துக்கொண்டிருந்தபோது மதாம்மாவைத் தனியாகப் பிடித்தேன். அவர் ஷீபாவுக்கு அந்த வருடத்தின் உயர்ந்த மதிப்பெண்ணைப் போட்டிருந்தார்.

"அவள் சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா?" என்றேன்.

"ஒரு பிழைகூட இல்லை" என்றார்.

"நான் பிழையைக் கேட்கவில்லை. அவள் அம்மா என் பிள்ளையை வளர்க்கிறார்."

அவர் சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவள் மொழியைத் தேர்ந்தெடுத்தபோதே கேட்பவர்களையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். உங்களையும் என்னையும். அதை வேறு யாரிடமும் கொண்டுபோக நமக்கு உரிமை இல்லை." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "என்னை இங்கே அனுப்பியவர்கள், எங்கள் நாட்டின் பெருமையைப் பரப்பச் சொல்லி அனுப்பினார்கள். நான் நதிகளையும் காடுகளையும் பற்றி எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் ஒருத்தி எங்கள் மொழியில் தன் உண்மையைச் சொன்னாள். இனி அது அவளுடைய மொழியும்தான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அப்போது பட்டது. ஆனால் அவருக்கு அன்று கிடைத்தது ஒரு வெற்றி, எதிரில் அப்பத் தட்டோடு நின்ற லில்லி அக்காவுக்கு நடந்தது என்ன என்றும் நினைத்தேன். ஒரு மொழி ஒரு நாட்டைச் சேர்த்து வைக்கும் என்று நான்கு வருடம் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ஒரு வீட்டைப் பிரிக்கவும் உதவும் என்பதை அவர் பாடத்தில் சேர்க்கவில்லை.

புறப்படுவதற்கு முன்தினம் ஷீபா மீனுவைப் பார்க்க வந்தாள். மீனு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் நேரடியாகவே கேட்டேன்.

"எனக்குப் புரியும்ணு தெரிஞ்சுதானே பேசினே?"

"தெரிஞ்சுதான் டீச்சர். ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணும்ணு தோணிச்சு. இல்லேண்ணா நான் களவாணி மாதிரி போறதுபோல ஆவும்."

"அம்மைட்ட நீயே சொல்லிடேன்."

"பறஞ்சா அம்ம விடமாட்டா. விட்டாலும் மூணு வருஷமும் அழுவா. சபைக்காரியளும் அம்மைய ஏசியே கொல்லுவினும்."

"நாளைக்கு மனசு மாறினா?"

"மாறினா வாறேன். அப்ப டீச்சர் பறஞ்சிருந்தா அம்ம வெறுதே அழுதிருப்பா, இல்லியா?"

அவள் மீனுவின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அதன்பிறகு லில்லி அக்கா அடிக்கடி கேட்பார். மீனுவைக் கூப்பிடப் போகும்போது, முற்றத்தில் மரச்சீனி அரிந்துகொண்டே, "இப்பமாவது பறயேன் மக்கா. மதாம்மா கேக்கமாட்டா. எனக்க மோளு அன்னைக்கு என்ன பேசினா?" என்பார். "ஊரைப் பத்தி லில்லியக்கா" என்பேன். "ஊரப் பத்தி என்ன?" "ரப்பர் உண்டு, குளம் உண்டு..." "அது எனக்கும் தெரியுமே" என்று சிரிப்பார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் மீனுவைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பேன்.

படிப்பு முடிந்தது. ஷீபா வரவில்லை. அங்கேயே வேலை கிடைத்தது, லீவு கிடைக்கவில்லை என்றாள். லில்லி அக்கா வீட்டில் ஓடு மாற்றி ஒரு அறை சேர்த்துக் கட்டினார். "அவ வந்தா எங்கோட்டு கெடப்பா?" என்றார். அடுத்த வருடமும் லீவு கிடைக்கவில்லை. கோபம் வந்தாலும் அவளை விட்டுக்கொடுக்க மாட்டார். "அங்க ஆளு கொறவாக்கும். எனக்க மோள் இல்லேண்ணா அவியளுக்க ஆஸ்பத்திரி நடக்காது" என்று சபையில் சொல்வார்.

ஷீபா மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுப் போனில்தான் கூப்பிடுவாள். லில்லி அக்கா முன்கூட்டியே வந்து, முகம் கழுவி, போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சென்ற மாதம் பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டினார். "அவளுக்க பாஷையில ரெண்டு வார்த்த பேசு மக்கா. எனக்குக் கேக்கக் கொதியா இருக்கு" என்றார்.

நான் வாங்கினேன். லில்லி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நலம் விசாரித்தேன். பிறகு அதே குரலில், ஜெர்மனில், "நீ வருவதாக இருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள். பிறகு, "நீங்கள் இன்னும் சொல்லவில்லையா?" என்று கேட்டாள்.

"சொல்லவில்லை" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. அவளாக வைத்தாளா, தானாகப் போனதா, தெரியாது.

அந்தப் பெருமூச்சைத்தான் இப்போது இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியா அது? இத்தனை நாள் நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்த ஏமாற்றமா? தானே சொல்ல முடியாததை என் மூலமாகச் சொல்லத்தான் அன்று மேடையில் பேசினாளா? எனக்கு அந்த மொழியின் இலக்கணம் தெரியும். ஷீபாவைச் சிறுபிள்ளையிலிருந்து தெரியும். இரண்டும் சேர்ந்தபோது ஒன்றும் புரியவில்லை.

"என்னண்ணு பறஞ்சா?" என்றார் லில்லி அக்கா.

"நல்லா இருக்காளாம்."

"என்ன ஒரு சேலு, பாட்டுபோல இருக்கு, நீங்க ரெண்டுபேரும் பேசியதக் கேக்க!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்கள் கேட்டதற்காகத் தொடங்கிய இதைப் பத்திரிகைக்கு அனுப்பத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெயர்களை மாற்றியிருக்கிறேன். தவிர, லில்லி அக்கா படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் நன்றாகப் பேசுவார், தமிழ் எழுத்து தெரியாது. எழுதிக்கொண்டே வந்து இந்த இடத்தில்தான் கவனித்தேன்: ஷீபா செய்ததையே நானும் செய்கிறேன். அந்த அம்மாவுக்கு எட்டாத ஒன்றில் எல்லார் முன்னாலும் அவர் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். யாரிடமாவது கேட்டாக வேண்டும் என்பதால் கிழிக்கவில்லை.

என் கணவர், "அது அவங்க குடும்ப விஷயம், நீ எடைல போவாண்டாம்" என்கிறார். இவ்வளவு நாளும் அப்படித்தான் இருந்தேன். இப்போது நிலைமை மாறிவிட்டது. காஞ்சிரங்குளத்தில் ஒரு நல்ல குடும்பத்திலிருந்து ஷீபாவைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார். சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்த மறுவாரம் லில்லி அக்கா அவர்கள் வீட்டுக்குப் போய் வாக்குக் கொடுக்கப் போகிறார். ஷீபாவிடம் கேட்டாரா என்றேன். "அவ பறயுவா, அம்ம சொன்னாச் செரிண்ணு. எனக்கு எனக்க மோளத் தெரியாதா?" என்றார். துணைக்கு நானும் வர வேண்டுமாம். "நீ அவளுக்க டீச்சர். நீ பறஞ்சா அவியளுக்கு ஒரு விசுவாசம் வரும்" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மீனு இப்போதும் பள்ளி விட்டதும் முதலில் லில்லியம்மே வீட்டுக்குத்தான் ஓடுகிறாள். நாளை அவளும் எனக்குப் புரியாத எதிலாவது தன் மனதைச் சொல்லக்கூடும். பக்கத்தில் ஒருத்திக்கு அது புரிந்திருந்தால், அவள் என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் நான் விரும்புவேன் என்று நினைக்கிறேன். ஆனால் மீனு எவ்வளவு நம்பி அவளிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தால், அதுவும் உறுதியாக இல்லை.

வாசகர்களில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்கள் இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் பெண் திரும்பி வர மாட்டாள் என்பது பக்கத்து வீட்டில் ஒருத்திக்குத் தெரியும் என்றால், அவள் வந்து உங்களிடம் சொல்ல வேண்டுமா? அல்லது அறையைக் கட்டிக்கொண்டு நீங்கள் காத்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும் என்றால், காஞ்சிரங்குளம் போகும் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்றும் சேர்த்து எழுதுங்கள்.